டிரெய்லர் இழுக்கும் பழைய டீசல் வண்டியில் சிந்தெடிக் ஆயில்: இரண்டு வருட அனுபவம்

போன வாரம்தான் டேப்பட் கவர் பேக்கிங் (எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை) மாற்றினேன். என்னைப் போலவே பழைய வண்டியில் டிரெய்லர் இழுக்கும் நண்பர் "எஞ்சினுக்குச் சிந்தெடிக் ஆயில் ஊத்தலாமா?" என்று கேட்டது அதே நேரம் பார்த்துத்தான்.

15டபிள்யூ-40 மினரலை (வழக்கமான கச்சா எண்ணெய் ஆயில்) விட்டு 5டபிள்யூ-40 சிந்தெடிக்குக்கு மாறி இரண்டு வருடம் ஓட்டினேன். முன் எண் குளிரில் ஆயிலின் தடிமனை, பின் எண் சூட்டில் தடிமனைக் குறிக்கும். காலை ஸ்டார்ட்டில் கடகடவென்று வரும் சத்தம் சட்டென்று அடங்கியது. சுமையோடு ஏற்றம் ஏறும்போது ஆயில் எவ்வளவு சுடும் என்று இழுப்பவர்களுக்குத் தெரியும். 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தச் சூட்டைத் தாங்குவதில் மினரல் இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் கசிவு! இரவு வண்டிக்கு அடியில் அட்டை போட்டு வைப்பேன். காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) சொட்டி, நிறுத்தும்போதெல்லாம் கருகிய வாடை. ஒவ்வொரு நீண்ட இழுவைக்குப் பிறகும் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் கீழ்க்கோட்டைத் தொடும். ஒரு கேனைக் கூடவே சுமந்து அலுத்துப்போனேன்.

நியாயமாகச் சொன்னால் ஆயில் மேல் தப்பில்லை. கழற்றிய பேக்கிங் சருகு மாதிரி ஒடிந்தது. "சிந்தெடிக் தண்ணி மாதிரி, அதான் ஒழுகுது" என்பதும் பாதிதான் சரி. இரண்டிலும் பின்னால் இருப்பது 40தான்; சூட்டில் இரண்டும் ஒரே கிரேடு. ஆறிய பிறகு 5டபிள்யூ இளக்கமாக இருப்பதால் இறுகிப்போன சீல் வழியாக ராத்திரி முழுக்க வழிகிறது. மேல் பேக்கிங் மாற்றியாயிற்று. பின்பக்க கிராங்க் சீலை (எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் வளையம்) மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இப்போதைக்கு அது முடியாது.

அதனால் இத்தனை புகழ்ந்துவிட்டும் மினரலுக்கே திரும்பிவிட்டேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் கணக்கை மறந்து 5,000-க்கே ஃபில்டரோடு மாற்றுகிறேன். வண்டிக்குப் பின்னால் தொங்கும் பாரம் கிலோமீட்டர் மீட்டருக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் சீல் எல்லாம் புதிது என்றால் தாராளமாகச் சிந்தெடிக் ஊற்றுங்கள்.

எதை ஊற்றினாலும், சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். கசிகிறதே என்று மேல்கோட்டைத் தாண்டி மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கிராங்க் அடித்து நுரைத்துவிட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்துத் தள்ளும், பேரிங் போய்விடும்.