250 கிலோமீட்டர் என்றார்கள், பெட்டி குளிர்ந்தால் 100தான்: பேட்டரி ஃப்ரீசர் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கோழி, மீன், பால், ஐஸ்கிரீம் ஏற்றிப் பிழைக்கிற நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். டீசல் வண்டியை விட்டுவிட்டு பேட்டரி வண்டிக்கு மாறலாமா என்று இப்போது பலர் விசாரிக்கிறீர்கள். கையெழுத்துப் போடும் முன் எங்களுக்கு நடந்ததை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி டர்பனின் மெரிபேங்குக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. கணவர் வீட்டார் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் வழி. மாமனார் ஒரே ஒரு வண்டியோடு தொடங்கியது, இன்றைக்கு 5 வண்டி. மொபெனியில் வாடகைக்கு ஒரு ஷெட். கணக்கு வழக்கு எல்லாம் நான். பேட்டரி வண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

பேட்டரி வண்டி வேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னதும் நான்தான். மெரிபேங்க், வென்ட்வொர்த் காற்று எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில்தான் பல வருஷம் குடியிருந்தோம். 2020 டிசம்பர் 4 காலையில் வென்ட்வொர்த் ஆலை வெடித்தபோது எங்கள் ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆய்வு செய்தபோது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது. என் இளைய மகனும் இன்ஹேலர் இல்லாமல் தூங்க மாட்டான். அதிகாலை 3 மணிக்கு நம் வண்டியே வாசலில் டீசல் புகை கக்கிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? அதனால்தான் ஆசைப்பட்டேன். அந்த ஆசை இப்போதும் போகவில்லை.

விற்க வந்தவர் தமிழ் பேசுகிறவர். வந்து உட்கார்ந்ததுமே "அக்கா, நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?" என்று தொடங்கினார். டீ குடித்தார், மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நம்ம ஆளுங்ககிட்ட நான் காசு பாக்க மாட்டேன் அக்கா" என்றார். 80 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 250 கிலோமீட்டர், சுவரில் இருக்கிற சாதாரண பிளக்கே போதும் என்றார். எங்கள் நீளமான தடமே மொபெனியிலிருந்து பைன்டவுன், ஹில்க்ரெஸ்ட் வழியாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்த் திரும்புவதுதான். கடை கடையாக ஏறி இறங்கினாலும் 180 கிலோமீட்டரைத் தாண்டாது. 250 என்றால் தாராளம்தானே?

ஓட்டியும் காட்டினார். 2024 ஜூலை மாதம், நல்ல குளிர்காலம். காலிப் பெட்டியோடு, கடற்கரையை ஒட்டிய எம்4 சாலையில் உம்ஷ்லாங்கா வரை போய் வந்தோம். சத்தமே இல்லை. கணவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். பெட்டியின் குளிர் இயந்திரத்தைப் போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவரும் போடவில்லை.

சரி, இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. டீசல் சின்ன வண்டியில் பெட்டியின் கம்ப்ரசர் பெல்ட் வழியாக இன்ஜினிலேயே ஓடும். கொஞ்சம் டீசல் கூடச் செலவாகும், அவ்வளவுதான். பேட்டரி வண்டியில் சக்கரத்துக்கும் குளிருக்கும் ஒரே பேட்டரி. எங்கள் அளவுப் பெட்டிக்கு மணிக்கு 3 யூனிட் சராசரியாகப் போகிறது. கடைக்குக் கடை கதவைத் திறக்கிறோம், டர்பனின் ஈரக் காற்று உள்ளே புகுந்து கூலர் கம்பிகளில் பனியாகப் படிகிறது, அதை உருக்க மறுபடி கரண்ட். 7 மணி நேரத் தடத்துக்குக் குளிர் மட்டும் 21 யூனிட்.

அப்புறம் மலை. ஹில்க்ரெஸ்ட் கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டருக்கு மேல். மொத்தம் 6 டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 10 யூனிட்டுக்கு மேல் வேண்டும். இது என் மகன் பள்ளிக்கூட இயற்பியலில் போட்டுக் காட்டிய கணக்கு. இறங்கும்போது கொஞ்சம் திரும்ப ஏறும் என்பது உண்மை. ஆனால் நம் சரக்கு ஏறும்போதுதான் பெட்டியில் இருக்கிறது.

மூன்றாவதை ஒப்பந்தத்தில் எங்கும் எழுதவில்லை, யாரும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்தால் இந்த வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பெட்டியின் குளிரைத்தான் முதலில் நிறுத்தும். அதாவது 80 யூனிட்டில் 16 யூனிட் குளிருக்குக் கிடையாது. மீதி 64, அதில் குளிருக்கு 21 போனால் 43. சுமையோடு மேடு பள்ளத்தில் கிலோமீட்டருக்கு 0.42 யூனிட் ஆகிறது. வகுத்துப் பாருங்கள், 100 கிலோமீட்டர் சொச்சம். காலி வண்டியைச் சமதரையில் குளிர் இல்லாமல் ஓட்டினால் 0.3 யூனிட் கொடுத்து, பேட்டரி முழுக்கக் காலியாகும் வரை போகலாம். அந்த 250 அப்படி வந்த எண்.

நாங்கள் வாங்கிய பேட்டரி வண்டி இரண்டும் அக்டோபரில் வந்தன. புரட்டாசி முடிகிற நேரம். அந்த மாதம் நம் வீடுகளில் கவுச்சி கிடையாது, கோழி லோடும் குறைவு, வெயிலும் ஏறவில்லை. ஓரளவு ஓடியது. சாதாரண பிளக் போதும் என்றதுதான் முதலில் பொய்த்தது. 16 ஆம்பியர் பிளக்கில் 10 மணி நேரம் போட்டாலும் 37 யூனிட்டுக்கு மேல் ஏறாது, பேட்டரியில் பாதிகூட இல்லை. ஷெட்டுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் இழுக்க விண்ணப்பம், ஷெட் உரிமையாளர் சம்மதம், புது ஒயரிங் என்று தனிச் செலவு. சுமையிலும் முன்பு ஏற்றியதைவிட 400 கிலோ குறைத்தாக வேண்டியிருந்தது.

2025 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. காலை 11 மணி இருக்கும். எங்களிடம் 14 வருஷமாக இருக்கிற டிரைவர் கேம்பர்டவுனிலிருந்து போன் செய்தார். "வண்டி ஓடுகிறது மா, பெட்டி நின்றுவிட்டது" என்றார். அந்த வாக்கியம் எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. திரையில் 20 சதவீதம், காலையிலிருந்து ஓடியது 91 கிலோமீட்டர். வெளியே 31 டிகிரி. பின்னால் குளிர்க்கோழி, பாதிக்கு மேல் இன்னும் இறக்காமல் இருந்தது.

கணவர் டீசல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். என்3 சாலையில் நெரிசல், போய்ச் சேரவே ஒன்றே கால் மணி நேரம். அங்கே ரோட்டோரம் சரக்கை வண்டி மாற்றிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடைக்குப் போனபோது சரக்கு வாங்கும் பையன் வழக்கம்போல் இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில் வெப்பமானியைச் செருகினான். கோழிக்கு 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 8.7 காட்டியது. அவன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் கணவரைப் பார்த்துவிட்டு, ரசீதில் குறுக்கே கோடு போட்டான். அவன் மேல் தப்பில்லை. அந்தக் கோழியைத் தின்பது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அத்தனையும் அழித்தோம்.

காப்பீட்டுக்காரர் பணம் தரவில்லை. குளிர் இயந்திரம் பழுதானால்தான் உண்டாம், பேட்டரி குறைந்து அது தானாக நின்றது பழுது இல்லையாம். பாலிசியை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. வண்டி மாற்றும்போது பாலிசி வாசகத்தையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதல் முறை "அக்கா, பாத்து சொல்றேன்." இரண்டாம் முறை "டிரைவர் ஓட்டுற விதம் அக்கா." மூன்றாம் முறை அக்கா போய் 'மேடம்' ஆகிவிட்டது. ஒப்பந்தத்தைப் படியுங்கள் மேடம் என்றார்.

படித்தேன். ஃபூட்ஸ்டூட்ஸ் என்று ஒரு வார்த்தை. இந்த நாட்டில் வண்டி வாங்கிய எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று அர்த்தம். அதற்குக் கீழே, வாய்மொழியாகச் சொன்னது எதுவும் இதில் சேராது என்று இன்னொரு வரி. 250 என்ற எண் ஒப்பந்தத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அவர் திரையில் காட்டியதோடு சரி.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாமே என்று வக்கீலிடம் போனேன். வண்டி கம்பெனி பெயரில் வாங்கியது. ஆண்டு வரவோ சொத்தோ 20 லட்சம் ராண்டைத் தொட்டுவிட்டால் அந்தக் கம்பெனிக்கு அந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது. 5 வண்டி ஓட்டுகிற யாரும் அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். நாம் சின்ன ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், சட்டம் நம்மைப் பெரிய கம்பெனி என்கிறது.

ஒரு வழி பாக்கி இருக்கிறது. குறை இருப்பது தெரிந்தே வேண்டுமென்று மறைத்து விற்றவருக்கு ஃபூட்ஸ்டூட்ஸ் காப்பு கொடுக்காது என்றார் வக்கீல். 20 சதவீதத்தில் குளிர் நிற்கும் என்பது விற்றவருக்கு முன்பே தெரியும் என்று நாங்கள் காட்ட வேண்டும். எங்கள் நல்ல நேரம், பெட்டி பொருத்திய பட்டறைக்காரர் அதைப் பற்றி அவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்ட செய்தி இருக்கிறது, தேதியோடு.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், யாராவது உங்களிடம் ஒரு எண்ணைச் சொன்னால், குளிர் ஓட, முழுச் சுமையோடு, உங்கள் தடத்தில் எவ்வளவு போகும் என்று எழுதி ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டிப் பார்ப்பதை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டிரைவர் ஓட்டட்டும், கடை கடையாகக் கதவு திறக்கட்டும், பைன்டவுனைத் தாண்டி வருகிற ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறட்டும். பேட்டரி எத்தனை சதவீதத்தில் குளிரை வெட்டும், அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். காப்பீட்டுக்காரரிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துகிற விஷயமும் இருக்கிறது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் கரண்ட் போகாததால் அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2025 ஜனவரி 31 அன்று மறுபடி வந்தது. ராத்திரி சார்ஜ் ஏறாவிட்டால் காலையில் என்ன செய்வது என்பதற்கு ஒரு டீசல் வண்டியையாவது வைத்திருங்கள்.

இப்போது அந்த இரண்டு வண்டியும் மெரிபேங்க், சாட்ஸ்வொர்த், இசிபிங்கோ என்று கிட்டத்துத் தடத்தில் ஓடுகின்றன. 70 கிலோமீட்டர், தட்டையான சாலை. அதற்கு நன்றாகவே இருக்கின்றன. கிளம்பும் முன் பிளக்கில் இருக்கும்போதே பெட்டியைக் குளிர வைத்துவிடுகிறோம், அதிலேயே நல்ல மிச்சம். ஐஸ்கிரீம் வண்டிகளில் இருக்குமே, ராத்திரி முழுக்கக் கரண்டில் உறைய வைத்துப் பகலில் கரண்ட் இல்லாமல் குளிர் கொடுக்கிற தட்டு, அதை ஒரு வண்டியில் போட விலை கேட்டிருக்கிறேன். எடை கூடும், ஆனால் பேட்டரி முழுக்கச் சக்கரத்துக்கே மிஞ்சும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தடத்துக்கு வாடகை டீசல் வண்டி. அதற்கும் பேட்டரி வண்டிக்கும் சேர்த்து மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வக்கீல் கடிதம் போய் ஐந்து வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.