பேக்கேஜ் மேனேஜருக்குப் பல கோப்புகள் கொண்ட எக்ஸ்டென்ஷன்: கார்கோ, கோண்டா, ஹோம்ப்ரூ, ஸ்பாக்

மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜருக்குப் புதிய கமாண்டுகளைச் சேர்க்கும் துணை நிரலே எக்ஸ்டென்ஷன். ஒரே கோப்பில் அடங்கும் எக்ஸ்டென்ஷனை எந்த பேக்கேஜ் மேனேஜருக்கும் சுலபமாக எழுதிவிடலாம். இரண்டு கமாண்டுகளுக்குப் பொதுவான ஃபங்ஷன்களைத் தனிக் கோப்புக்கு மாற்றும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. அந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும்? அதைத் தேடி ஏற்றுவது யார்? அதே பெயரில் வேறொரு கோப்பு ஏற்கெனவே உள்ளே இருந்தால் என்ன ஆகும்? ரஸ்டின் கார்கோ, பைத்தான் உலகின் கோண்டா, மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும் ஹோம்ப்ரூ, சூப்பர்கம்ப்யூட்டர் மையங்களில் புழங்கும் ஸ்பாக் ஆகிய நான்கும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கின்றன.

நான்கையும் பிரிக்கும் கோடு நிரல்மொழி அல்ல. உங்கள் நிரல் பேக்கேஜ் மேனேஜரின் பிராசஸுக்கு உள்ளே ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா என்பதுதான். வெளியே ஓடினால் கோப்புகளை எப்படிப் பிரிப்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம். தகவல் மட்டும் ஜேசனாகத்தான் (நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவில்தான்) கைக்கு வரும். உள்ளே ஓடினால் எல்லா ஆப்ஜெக்டுகளும் கைக்கெட்டும். ஆனால் பெயர் மோதலும் பதிப்பு மாற்றமும் கூடவே வரும்.

கார்கோ

கார்கோ முழுக்க வெளியே. நீங்கள் எழுதும் கமாண்டின் பெயர் ‘அலசு’ என்று வைத்துக்கொள்வோம். ‘கார்கோ அலசு’ என்று அடித்தால், உள்ளமைந்த கமாண்டுகளில் அது இல்லாதபோது, பாத் (PATH) மாறியில் உள்ள ஃபோல்டர்களிலும் கார்கோவின் சொந்த ‘பின்’ (bin) ஃபோல்டரிலும் ‘கார்கோ-அலசு’ என்ற இயங்கு கோப்பைத் தேடி ஓட்டும். நீங்கள் இருபது மாட்யூலாகப் பிரித்து எழுதினாலும் கம்பைல் ஆனபின் கிடைப்பது ஒரே பைனரி. பல கோப்புச் சிக்கலே இங்கு எழுவதில்லை.

முதல்முறை எழுதுவோர் இடறும் இடம் ஆர்க்யுமென்ட். கமாண்டின் பெயரையே கார்கோ முதல் ஆர்க்யுமென்ட்டாக மறுபடி அனுப்புகிறது. பைனரியை நேரடியாக ஓட்டிச் சோதிக்கும்போது சரியாக இருப்பது, கார்கோ வழியாக ஓட்டியதும் ‘அலசு என்ற ஆர்க்யுமென்ட் தெரியாது’ என்று நின்றுவிடும். ‘அலசு’வை ஒரு சப்கமாண்டாகவே, ஆர்க்யுமென்ட்டுகளைப் படிக்கும் பார்சரில் அறிவித்துவிடுங்கள். ‘கார்கோ ஹெல்ப் அலசு’ என்பதும் அதே வடிவில்தான் உங்கள் பைனரியை அழைக்கிறது.

பேக்கேஜ் விவரங்களுக்கு ‘கார்கோ மெட்டாடேட்டா’வை ஃபார்மட் வெர்ஷன் 1 என்று வெளிப்படையாகச் சொல்லி ஓட்டுங்கள். அப்படி ஓட்டும்போது வெறுமனே ‘கார்கோ’ என்று அழைக்கக் கூடாது. கார்கோ தன் சொந்த இருப்பிடத்தை ‘கார்கோ’ என்ற என்விரான்மென்ட் மாறியில் வைத்துத் தருகிறது, அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ரஸ்டின் நைட்லி (தினசரிச் சோதனைப் பதிப்பு) டூல்செயினில் அழைத்தவருக்கு ஸ்டேபிளின் (நிலையான பதிப்பின்) பதில் போய்ச் சேரக்கூடும். கார்கோவையே லைப்ரரியாக இணைக்கவும் வழி உண்டு. அதன் ஏபிஐக்கு (பிற நிரல்கள் அதை அழைக்கும் இடைமுகத்துக்கு) நிலைத்தன்மை உறுதி இல்லை என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோண்டா

கோண்டா 22.11 பதிப்பில், உங்கள் நிரலை உள்ளேயே ஏற்றி ஓட்டும் பிளகின் முறை வந்தது. பைப்ராஜெக்ட் கோப்பில் ‘கோண்டா’ குழுவின் கீழ் ஓர் என்ட்ரி பாயின்ட் (உங்கள் மாட்யூல் எது என்று கோண்டாவுக்குச் சொல்லும் பதிவு) அறிவித்து, சப்கமாண்டுகளுக்கான ஹூக்கை (கோண்டா தானே அழைக்கும் ஃபங்ஷனை) எழுதினால் போதும். உங்களுடையது முறையான பைத்தான் பேக்கேஜ். எத்தனை கோப்பு இருந்தாலும் வழக்கமான இம்போர்ட் வேலை செய்யும். கோண்டாவே இருக்கும் பேஸ் என்விரான்மென்ட்டில் நிறுவ வேண்டும். வேறு என்விரான்மென்ட்டில் போட்டுவிட்டுக் கமாண்டைக் காணோம் என்று தேடுவது வீண்.

விலை, வேகம். பிளகின்கள் கோண்டா தொடங்கும்போதே ஏற்றப்படுகின்றன. மாட்யூலின் தலையில் பாண்டாஸ் போன்ற கனமான லைப்ரரியை இம்போர்ட் செய்தால், உங்கள் கமாண்டைத் தொடாதவரும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பார். கனமான இம்போர்ட்டுகளை ஆக்‌ஷன் ஃபங்ஷனுக்கு உள்ளே வையுங்கள்.

ஹோம்ப்ரூ

ஹோம்ப்ரூவில் உள்ளே, வெளியே இரண்டுக்கும் கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் குழப்பமும் இங்கே அதிகம்.

வெளிக்கதவு: ‘ப்ரூ-அலசு’ என்ற இயங்கு கோப்பு பாத்தில் இருந்தாலோ, ஒரு டேப்பின் (ஹோம்ப்ரூவோடு சேர்க்கும் கூடுதல் களஞ்சியத்தின்) சிஎம்டி (cmd) ஃபோல்டரில் இருந்தாலோ ஹோம்ப்ரூ அதை ஓட்டும். தலைப்பகுதியில் ஹாஷும் முக்காற்புள்ளியும் கொண்டு தொடங்கும் கமென்ட் வரிகள் உதவிக் குறிப்பாகக் காட்டப்படும். பாஷில் எழுதினால் இரண்டாவது கோப்பை ஏற்றுமிடத்தில்தான் உடையும். ஸ்கிரிப்ட்டின் ஃபோல்டரை, அது அழைக்கப்பட்ட பாதையைத் தரும் டாலர்-பூஜ்யத்திலிருந்து ($0) எடுத்தால், பாத்தில் இருப்பது சிம்லிங்க் (வேறிடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு) எனில், லிங்க் இருக்கும் ஃபோல்டர்தான் கிடைக்கும். பொதுக் கோப்பு அங்கே இருக்காது. ‘ரீட்லிங்க்’குடன் எஃப் ஆப்ஷன் போட்டால் தீரும் என்பார்கள், ஆனால் மேக் ஓஎஸ் 12.3-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த ஆப்ஷனே கிடையாது. மேக்கோடு வரும் பாஷ் இன்னமும் 3.2; அசோசியேட்டிவ் அர்ரேயும் இல்லை. ஒரு கோப்பைத் தாண்டும் வேலையை இங்கே பாஷில் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து.

உள்கதவு ரூபி. டேப்பின் சிஎம்டி ஃபோல்டரில் ரூபிக் கோப்பு வைத்து, அதில் அப்ஸ்ட்ராக்ட்கமாண்ட் கிளாஸை மரபுரிமையாக எடுத்து, ஆப்ஷன்களையும் ‘ரன்’ மெத்தடையும் எழுதினால் அது ஹோம்ப்ரூவின் பிராசஸுக்குள்ளேயே ஓடும். ஃபார்முலா (பேக்கேஜின் வரையறை), டேப், கெக் (நிறுவப்பட்ட பதிப்பின் ஃபோல்டர்) எல்லாம் நேரடியாகக் கைக்கு வரும். பொதுக் கோப்புகளைச் சிஎம்டிக்குப் பக்கத்தில் ஒரு லிப் ஃபோல்டரில் வைத்து, ‘ரிக்வயர் ரிலேட்டிவ்’ கொண்டு ஏற்றுங்கள். அது சிம்லிங்க்கின் உண்மை இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பலர் இதற்குப் பதில் லிப் ஃபோல்டரை, ரூபி கோப்புகளைத் தேடும் லோடு பாத்தில் சேர்த்து வெறும் ‘ரிக்வயர்’ எழுதுகிறார்கள். உங்கள் கோப்பின் பெயர் ‘யுடில்ஸ்’ என்று வைத்துக்கொள்வோம். ஹோம்ப்ரூவிலும் அதே பெயரில் ஒரு கோப்பு உண்டு. அது முன்பே ஏற்றப்பட்டிருக்கும். ரூபி, இது ஏற்கெனவே வந்துவிட்டது என்று கணக்கிட்டு உங்கள் கோப்பைத் தொடாமலேயே போய்விடக்கூடும். பிழை அந்த வரியில் வராது. பத்து வரி தள்ளி, கான்ஸ்டன்ட் தெரியவில்லை என்று வரும். எல்லாக் கோப்புகளையும் உங்கள் பெயருள்ள ஒரு மாட்யூலுக்குள் அடைத்துவிட்டால் கிளாஸ் பெயர் மோதலும் ஒழியும்.

இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: ஹோம்ப்ரூ என்விரான்மென்ட்டை வடிகட்டுகிறது. நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த டோக்கன் கமாண்டுக்குள் வெறுமையாகத் தெரிந்தால் நிரலில் கோளாறு தேட வேண்டாம். மாறியின் பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘ஹோம்ப்ரூ’ என்றும் அதையடுத்து ஓர் அடிக்கோடும் கொண்ட முன்னொட்டோடு (HOMEBREW_) தொடங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே விடும்.

ஸ்பாக்

பல கோப்பு எக்ஸ்டென்ஷனுக்கென்றே யோசித்து அமைத்த முறை ஸ்பாக்கில்தான் இருக்கிறது. ஃபோல்டர் அமைப்பு கறாரானது. எக்ஸ்டென்ஷனின் பெயர் ‘கணக்கு’ எனில், ‘ஸ்பாக்-கணக்கு’ என்று வெளி ஃபோல்டர், அதற்குள் முன்னொட்டு இல்லாமல் ‘கணக்கு’, அதற்குள் ‘சிஎம்டி’. கமாண்டுக்கு ஒரு பைத்தான் கோப்பு, சிஎம்டிக்குள். பொதுக் கோப்பு ‘கணக்கு’ ஃபோல்டரிலேயே இருக்கலாம். ஒவ்வொரு கமாண்டு கோப்பிலும் டிஸ்கிரிப்ஷன், செக்‌ஷன், லெவல் என்ற மூன்று மாறிகள், ‘செட்டப் பார்சர்’ ஃபங்ஷன், கமாண்டின் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன். கமாண்டின் பெயரில் இடைக்கோடு இருந்தால் கோப்பிலும் ஃபங்ஷனிலும் அது அடிக்கோடாக மாற வேண்டும்; இதைத் தவறவிட்டால் ஸ்பாக் கமாண்டைக் கண்டுபிடிக்காது. பிறகு கான்ஃபிக் யாமல் கோப்பில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பட்டியலில் வெளி ஃபோல்டரின் பாதையைச் சேர்த்தால் முடிந்தது. பலர் பகிரும் கிளஸ்டரில் இதை சைட் அளவிலான கான்ஃபிக்கில் எழுதினால் எல்லோருக்கும் ஒரே தடவையில் கிடைக்கும்.

பொதுக் கோப்பை இம்போர்ட் செய்ய முழுப்பெயர் வேண்டும்: ஸ்பாக், புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், புள்ளி, கணக்கு, புள்ளி, கோப்பின் பெயர். வெறும் பெயர் போட்டால் மாட்யூல் இல்லை என்று வரும். அதைச் சரிசெய்ய, பைத்தான் மாட்யூல்களைத் தேடும் சிஸ் பாத் பட்டியலில் ஃபோல்டரைச் சேர்ப்பது தற்காலிக ஒட்டுவேலைதான். ஒரே பிராசஸில் ஏறும் இரண்டு எக்ஸ்டென்ஷன்களிலும் ‘காமன்’ என்ற கோப்பு இருந்தால், முதலில் ஏறியதே இரண்டாவதற்கும் கிடைக்கும். முழுப்பெயரில் அந்த மோதலுக்கு இடமில்லை. ஹோம்ப்ரூவில் நாமாகக் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கை ஸ்பாக் அமைப்பிலேயே கட்டாயமாக்கிவிட்டது. இதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது.

குறையும் உண்டு. உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கென்று தனி பைத்தான் கிடையாது. ஸ்பாக் எந்த பைத்தானில் ஓடுகிறதோ அதில்தான் ஓடும். ரெட்ஹேட் 8 கணினியில் சிஸ்டம் பைத்தான் 3.6 ஆக இருக்கலாம், 3.8-இல் வந்த வால்ரஸ் ஆபரேட்டர் (:= குறி) அங்கே சின்டாக்ஸ் பிழை. ரிக்வெஸ்ட்ஸ் போன்ற வெளி லைப்ரரியும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2025-இல் வந்த 1.0 பதிப்பு பேக்கேஜ் எழுதுவோருக்கான ஏபிஐக்கு நிலைத்தன்மை தருகிறது. எக்ஸ்டென்ஷன்கள் தொடும் உள்பகுதிகளுக்கு அந்த உறுதி இல்லை.

ஆகவே பட்டியலிட, எண்ண, அறிக்கை தயாரிக்க என்றால் எந்த பேக்கேஜ் மேனேஜரானாலும் வெளியே எழுதுங்கள். ஸ்பாக்கின் ‘ஃபைண்ட்’ கமாண்டும் ஜேசன் தருகிறது. டிபென்டென்சி தீர்வையே (எந்த பேக்கேஜுக்கு வேறு எவை தேவை என்று முடிவு செய்வதையே) மாற்ற வேண்டும், நிறுவும் போக்கில் தலையிட வேண்டும் என்றால் மட்டும் உள்ளே நுழையுங்கள். அப்போதும் பேக்கேஜ் மேனேஜரைத் தொடும் இம்போர்ட்டுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் ஒதுக்கி, மற்றக் கோப்புகளுக்கு வெறும் லிஸ்ட்டும் டிக்‌ஷனரியும் மட்டும் அனுப்புங்கள். புதிய பதிப்பு வந்ததும் திருத்த வேண்டியது அந்த ஒரு கோப்பு மட்டுமே. ஸ்பாக்கில் எழுதுபவர்கள் ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து, யூனிட்-டெஸ்ட் கமாண்டை எக்ஸ்டென்ஷன் ஆப்ஷனோடு ஒவ்வொரு ஸ்பாக் மேம்படுத்தலுக்கு முன்னும் ஓட்டிப் பாருங்கள்.