கிம்ப் 3.0: நாய், பூனை, குடும்பப் படங்களுக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

ஒரு போட்டோ எடிட்டர் தேறுமா தேறாதா என்று பார்க்க ஒரு கறுப்பு நாயின் படம் போதும். கண் எது, மூக்கு எது என்று தெரியாத அளவுக்கு முகம் இருண்டிருக்கும். மொத்தமாக வெளிச்சத்தைக் கூட்டினால் பின்னால் இருக்கும் வானம் வெளுத்துவிடும், நாயோ சாம்பல் நிறமாகிவிடும். இந்தப் படத்தை ஒழுங்காகச் சரிசெய்ய முடிகிற மென்பொருளில் வீட்டுப் படங்களில் முக்கால்வாசியைச் சரிசெய்துவிடலாம். கிம்ப் அதில் தேறுகிறது. ஆனால் சில இடங்களில் நன்றாகவே பொறுமையைக் கேட்கும்.

கிம்ப் இலவச மென்பொருள். ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995ல் தொடங்கியது. இங்கே பேசுவது 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பைப் பற்றி. யாரிடமும் பாடம் கேட்காமல் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பதிப்பு பெரிய விடுதலை. முன்பெல்லாம் ஒரு ஃபில்டரைப் போட்டு ஓகே கொடுத்தால் அது படத்தோடு படமாகக் கரைந்துவிடும். நாலு வேலை கழித்து "கொஞ்சம் அதிகமாகிவிட்டதே" என்று தோன்றினால் அந்த நாலையும் அன்டூ செய்துகொண்டே திரும்பிப் போக வேண்டும். இப்போது லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) வரிசையில் எஃப்எக்ஸ் என்று ஒரு சின்னம் வருகிறது. அதைத் தட்டினால் போட்ட ஃபில்டர்கள் வரிசையாகத் தெரியும். அணைக்கலாம், அளவை மாற்றலாம், மேலே கீழே நகர்த்தலாம். ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் 'மெர்ஜ் ஃபில்டர்' கட்டத்தில் மட்டும் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் பழைய கதைதான்.

கறுப்பு நாய்க்கு வருவோம். கலர்ஸ் மெனுவில் 'ஷேடோஸ் ஹைலைட்ஸ்' எடுத்து ஷேடோஸை 30 முதல் 40 வரை ஏற்றுங்கள். முடி இழைகள் வெளியே வரும். 60ஐத் தாண்டினால் காதைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டம் தோன்றும், இருட்டில் ஒளிந்திருந்த புள்ளிப்புள்ளியான இரைச்சலும் எழும்பி வரும். ஏற்றிய பிறகு கறுப்பு கொஞ்சம் சாயம் போனதுபோல் தெரிந்தால் 'லெவல்ஸ்' திறந்து இடது முக்கோணத்தை 8 அல்லது 10 வரை உள்ளே தள்ளினால் போதும், கறுப்பு மறுபடி கறுப்பாகும். வெள்ளைப் பூனைக்கு இதன் எதிர்ப்பக்கம்: லெவல்ஸில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது சுவரில் மோதி நின்றால் அந்த இடத்தில் முடி விவரம் எதுவுமே பதிவாகவில்லை என்று பொருள். ஜேபெக் படத்தில் அதை எந்த ஸ்லைடரும் மீட்டுத் தராது.

மஞ்சள் விளக்கில் எடுத்த படத்துக்கு லெவல்ஸில் இருக்கும் மூன்று பிக்கர்களில் நடுவில் உள்ளதே நம்பகமானது. படத்தில் உண்மையிலேயே சாம்பல் நிறமான ஏதாவது ஒன்றில், சுவர் நிழலோ எஃகுப் பாத்திரமோ, அதைக் கொண்டு சொடுக்குங்கள். பல்லிலும் கண்வெள்ளையிலும் சொடுக்க வேண்டாம். இரண்டுமே சுத்த வெள்ளை இல்லை, அதனால் முகமே நீலம் பாய்ந்துவிடும்.

அடுத்தது கயிறு, கழுத்துப்பட்டை, பின்னால் யாரோ ஒருவரின் கால். இவற்றை நீக்க ஹீல் டூல், க்ளோன் டூல் என்று இரண்டு உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி நல்ல இடத்தில் சொடுக்கி மாதிரி எடுத்து, வேண்டாத இடத்தில் பூசுவது இரண்டுக்கும் பொது. ஹீல், பூசும் இடத்தின் நிறத்தோடு மாதிரியைக் கலந்துவிடும். புல்வெளிக்கு நடுவே அது அற்புதம். ஆனால் கறுப்பு முதுகும் வெளிச்சமான புல்லும் சந்திக்கும் விளிம்பில் ஹீல் பிடித்தால் கறுப்பு புல்லுக்குள் கசிந்து கறையாகும். விளிம்பை முதலில் க்ளோனால் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு நடுப்பகுதிக்கு ஹீல் எடுங்கள். முடியின் மேல் வேலை செய்யும்போது முடி சாயும் திசை ஒன்றாக இருக்கும் இடத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அடிக்கடி மாதிரியை மாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே முடிக்கற்றை மூன்று இடத்தில் அச்சடித்ததுபோல் தெரியும்.

இங்கேதான் புதிய பதிப்பில் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் ஒரு குழி இருக்கிறது. 'சாம்பிள் மெர்ஜ்டு' டிக் செய்து, மேலே ஒரு வெற்று லேயரில் இந்த ஹீல், க்ளோன் ஒட்டு வேலையைச் செய்வது நல்ல பழக்கம், மூலப்படம் கெடாது. ஆனால் கீழ் லேயரில் ஷேடோஸ் ஃபில்டர் உயிரோடு இருக்கும்போது ஒட்டினால், ஒட்டு அந்த நேரத்து நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஃபில்டரை மாற்றினால் கீழே நிறம் மாறும், மேலே இருக்கும் ஒட்டு மாறாது. படம் முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். வழி இதுதான்: முதலில் ஃபில்டர் எதுவும் இல்லாமல் ஒட்டு வேலையை முடித்துவிடுங்கள். படத்தையும் ஒட்டு லேயரையும் ஒரே லேயர் குரூப்பில் போட்டு, குரூப்பின் மோடை (கீழே இருப்பதோடு கலக்கும் முறை) 'நார்மல்' ஆக்கி, ஃபில்டர்களைக் குரூப்பின் மேல் போடுங்கள். இரண்டும் சேர்ந்தே மாறும். ஃபில்டர் உயிரோடு இருக்கும் பெரிய படத்தில் பிரஷ் இழுக்க ஆகும் தாமதமும் இதனால் குறைகிறது.

கண்கள். ஃப்ளாஷில் மனிதக் கண் சிவப்பாவதற்கு 'ரெட் ஐ ரிமூவல்' இருக்கிறது. கண்ணை மட்டும் செலக்ட் செய்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் உதடும் சிவப்புச் சட்டையும் சேர்ந்தே வெளுக்கும். நாய், பூனைக்கு அது பெரும்பாலும் உதவாது. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் கண் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று மின்னும். இதைக் கையால்தான் செய்ய வேண்டும். எலிப்ஸ் செலக்டால் பாவையை மட்டும் வளைத்து, விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரை 2 அல்லது 3 பிக்சல் கொடுத்து, புது லேயரில் அடர் கரும்பழுப்பு நிரப்பி, கீழே இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்று சொல்லும் ஒபாசிட்டியை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். சுத்தக் கறுப்பு வைத்தால் பொத்தான் தைத்ததுபோல் இருக்கும். கடைசியாக அதற்கு மேல் இன்னொரு லேயரில் மெல்லிய வெள்ளைப் புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். அந்தப் புள்ளி இல்லையென்றால் எவ்வளவு உழைத்தாலும் கண்ணில் உயிர் வராது.

கிம்ப் தடுமாறுவது முடியை வெட்டி எடுப்பதில். 'ஃபோர்கிரவுண்ட் செலக்ட்' பஞ்சுபோன்ற விளிம்பை ஓரளவு பிடிக்கும், மீசை முடியை விட்டுவிடும். பெரிய படத்தில் கணக்குப் போடவும் நேரம் எடுக்கும். பின்னணியை மங்கலாக்குவதுதான் நோக்கமென்றால் வெட்டவே வேண்டாம். படத்தை நகலெடுத்து, நகலில் பூனையை க்ளோனால் சுற்றுப்புறத்தைக் கொண்டு மூடிவிட்டு, பிறகு அதை மங்கலாக்கி, லேயர் மாஸ்க் (கறுப்புப் பூசிய இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை இடத்தில் காட்டும் திரை) சேர்த்து, பூனை இருக்கும் இடத்தில் மாஸ்க்கின் மேல் கறுப்புப் பூசுங்கள். பூனையை மூடாமல் மங்கலாக்கினால் அதன் நிறம் வெளியே வழிந்து உடலைச் சுற்றிப் புகைபோல் நிற்கும். மீசையை 2 பிக்சல் பிரஷால் ஒவ்வொன்றாக மாஸ்க்கில் இழுக்கலாம், பத்துப் பன்னிரண்டு கோடுதான்.

குடும்பப் படத்தில் ஒருவர் கண் மூடியிருந்தால் அதே நேரத்தில் எடுத்த இன்னொரு படத்தை 'ஓப்பன் அஸ் லேயர்ஸ்' வழியாக மேலே கொண்டுவாருங்கள். மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்கி நகர்த்தினால், சரியாகப் பொருந்திய இடம் கறுப்பாகும். பொருந்தியதும் மோடை நார்மலுக்குத் திருப்பி, கறுப்பு மாஸ்க் போட்டு, முகத்தை மட்டும் வெள்ளைப் பிரஷால் திறக்க வேண்டும். தானாகப் பொருத்தித் தரும் வசதி இதில் இல்லை, அது ஒரு உண்மையான குறை.

கூர்மையைக் கடைசியில், அளவு மாற்றிய பிறகு கூட்டுங்கள். 'ஷார்ப்பன்' பெட்டி ரேடியஸ் 3 என்று திறக்கும். முடிக்கு அது அதிகம், 1க்குக் கீழே இறக்குங்கள். மனிதர்களும் இருக்கும் படத்தில் கூர்மை தோலில் படாதபடி மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள்.

பிரிண்ட் போடுவதற்கு முன் ஒரு கணக்கு. போன் படம் பெரும்பாலும் 4:3, ஆனால் 4க்கு 6 அங்குல பிரிண்ட் 3:2. 4000க்கு 3000 பிக்சல் படம் 4000க்கு 2667 ஆகும்போது 333 பிக்சல் வெட்டுப்படும், முதலில் போவது காதுதான். க்ராப் டூலில் 3:2 என்று பூட்டி நீங்களே வெட்டிக் கொடுங்கள். 300 பிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) 1800க்கு 1200 பிக்சல் தாராளம்.

'சேவ்' கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புதான் உருவாகும்; ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட் அஸ்', தரம் 90 போதும். எக்ஸ்சிஎஃப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், லேயரும் ஃபில்டரும் அதில்தான் உயிரோடு இருக்கும். அதே மெனுவில் 'ஓவர்ரைட்' என்று ஒன்று உண்டு. அது கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும்.