உருளைக்கிழங்குக்கு ஒரு வழி, தேயிலைக்கு ஒரு வழி

அமிலத்தன்மையை மாற்றி மாற்றி நொதியின் வேகத்தை அளக்க, ஊட்டி, குன்னூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு எளிதில் கிடைப்பவை உருளைக்கிழங்கும் பச்சைத் தேயிலையும். அளக்கும் வழிகளும் இரண்டு. கரைசல் ஊற்றிய சிறு கண்ணாடிக் கலமான குவெட்டை, ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்தபடியே நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். இல்லையென்றால் குறித்த நேரத்தில் வினையை நிறுத்திவிட்டு அப்புறம் அளக்கலாம். முதல் வழிதான் எப்போதும் உயர்ந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

உருளைக்கிழங்கில் இருப்பது அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதி. அது பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட்டைப் பிளக்கும்போது வரும் நைட்ரோபீனாலை 405 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். ஆனால் அதன் மஞ்சள் நிறமே பி.எச்.சை, அதாவது அமிலத்தன்மையின் அளவைப் பொறுத்துத்தான் வெளிப்படும். அதன் பி.கே.ஏ., அதாவது பாதி மஞ்சளாகும் பி.எச்., சுமார் 7.15. பி.எச். 5-இல் நூற்றில் 1 பங்குகூட மஞ்சளாகாது. 6-இல் 7 பங்குக்குச் சற்றுக் குறைவு. 7-இல் 40 பங்குக்குச் சற்று மேல். நொதி சுறுசுறுப்பாக இயங்கும் 5-க்குப் பக்கத்தில் கருவி காட்டும் கோடு படுத்தே கிடக்கும். வைத்தபடி பார்ப்பவர் வரைவது நொதியின் வேகத்தை அல்ல, சாயத்தின் குணத்தை! சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் நொதியும் நிற்கும், எல்லாக் குழாயிலும் மஞ்சள் முழுதாக வெளிவரும். ஒரே ஒரு நேரத்தோடு விட்டுவிடாமல் 2, 4, 6 நிமிடங்களில் எடுத்து, நேர்கோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மலைக்குளிருக்கும் இந்த வழியே தோது. குவெட்டைச் சூடாக வைக்கும் வசதி சாதாரணக் கருவியில் இருக்காது. குழாய்களுக்கு 25 டிகிரி வாட்டர் பாத் போதும். பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்களில் (பஃபர்) டிரிஸ் பஃபரை மட்டும் தவிருங்கள். 10 டிகிரி குளிர்ந்தால் அதன் பி.எச். கிட்டத்தட்ட 0.3 ஏறிவிடும்.

தேயிலையில் நிலைமை வேறு. அதிலுள்ள பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, நாம் சேர்க்கும் கேட்டகால் என்ற பொருளை நிறமுள்ள குயினோனாக்கும். 420 நானோமீட்டரில் அளக்கலாம். ஆனால் குயினோன் அப்படியே நிற்காது, ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பாகும். நிறுத்திவிட்டுப் பிறகு அளந்தால் எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாது. போதாததற்கு, சாற்றில் வைட்டமின் சி மிஞ்சியிருந்தால் அது குயினோனைத் திரும்பக் கேட்டகாலாக்கும். தொடக்கத்தில் கோடு நகராமல் நிற்பதைக் கண்ணால் பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடும். நிறுத்தி அளப்பவர் நொதியே மந்தம் என்று எழுதிவிடுவார். எனவே இங்கே வைத்தபடி பார்ப்பதே சரி. தயக்கம் முடிந்ததும் வரும் நேரான பகுதியின் சரிவை எடுங்கள்.

பி.எச். 7-ஐத் தாண்டினால் கேட்டகால் நொதியில்லாமலே காற்றில் பழுப்பாகத் தொடங்கும். ஒவ்வொரு பி.எச்.சுக்கும் நொதி சேர்க்காத பிளாங்க் தனியாக வேண்டும். பஃபரை முன்கூட்டியே வாட்டர் பாத்தில் வைத்து எடுங்கள். குளிர்ந்த குவெட்டின் வெளிப்பக்கம் வியர்த்தால் அந்த ஈரமும் அளவில் ஏறிவிடும்.