அமிகாவுக்கு எந்த ஃப்ளிக்கர் ஃபிக்ஸர் வாங்கலாம்?

கொமடோரின் பழைய வீட்டுக் கணினியான அமிகாவில் இன்டர்லேஸ் போட்டு, அதன் டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்சைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், விண்டோ ஓரத்து மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்கிற துடிப்பில் கண் எரிய ஆரம்பித்துவிடும். பால் (PAL என்கிற 50 ஹெர்ட்ஸ் டிவி முறை) மாடலில் 512 வரி வேண்டுமென்றால் இயந்திரம் ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவை என்று மாற்றி மாற்றித்தான் அனுப்பும், இதுதான் இன்டர்லேஸ். நொடிக்கு 50 அரைப்படம், அதாவது ஒரு வரி நொடிக்கு 25 முறைதான் ஒளிரும்.

கடுப்பு என்னவென்றால், ஃப்ளிக்கர் ஃபிக்ஸர் என்று வாங்குகிற எல்லாக் கார்டும் இந்தத் துடிப்பை நிறுத்துவதில்லை. வெறும் ஸ்கேன் டப்ளர் 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை 31 ஆக்கி விஜிஏ மானிட்டரில் படம் வரவைக்கும், அவ்வளவுதான். துடிப்பு போக வேண்டுமென்றால் இரண்டு அரைப்படத்தையும் மெமரியில் பிடித்துவைத்துச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஓஎஸ்எஸ்சி என்கிற ஸ்கேன் கன்வெர்ட்டர் கேமுக்கு அருமையான பெட்டி, தாமதம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முதல் மாடலில் முழுப்படத்தை வைக்க மெமரி கிடையாது, அதனால் இன்டர்லேஸில் ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.

அமிகா 2000 வைத்திருந்தால் கொமடோரின் ஏ2320 கார்டு இன்றைக்கும் மோசமில்லை. வீடியோ ஸ்லாட்டில் செருகினால் வேலை முடிந்தது. 1990இல் வந்த அமிகா 3000இன் போர்டிலேயே இருக்கிற, துடிப்பை நிறுத்தும் ஆம்பர் சிப்தான் இதிலும். நிற்கிற படம் அச்சடித்த மாதிரி இருக்கும். இன்டர்லேஸில் எதையாவது வேகமாக நகர்த்தினால் மட்டும் ஓரங்கள் சீப்புப் பல்லாகப் பிரியும், ஏனென்றால் சேர்க்கிற இரண்டு பாதியும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை. பெரிய தலைவலி வேறு: வெளியே வருவது 50 ஹெர்ட்ஸ், பல எல்சிடி மானிட்டர்கள் அதை ஏற்பதே இல்லை. கார்டு தேடுவதற்கு முன் மானிட்டரைப் பாருங்கள்.

அமிகா 500க்கு என் ஓட்டு ஆர்ஜிபி2எச்டிஎம்ஐக்குத்தான். படத்தைத் தரும் டெனிஸ் சிப்பைக் கழற்றி, இந்தச் சின்னப் போர்டைச் சாக்கெட்டில் உட்காரவைத்து, டெனிஸை அதன் மேல் செருகி, ராஸ்பெர்ரி பை ஸீரோ என்கிற குட்டிக் கணினியை மாட்டினால் சரி. நிறம் அனலாக் ஆவதற்கு முன்பே டிஜிட்டலாக எடுத்துவிடுவதால் எழுத்துகளில் கலங்கலே இல்லை. சிப்பை மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள், 48 கால், ஒரே பக்கமாக இழுத்தால் வளைந்துவிடும். அப்புறம் திரும்பச் செருகும்போது சிப்பின் ஒரு முனையில் இருக்கிற வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமிகா 1200இல் இந்த வழி செல்லாது, அங்கே டெனிஸின் இடத்தில் இருக்கிற லிசா சிப் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது. இண்டிவிஷன் ஏஜிஏ என்கிற கார்டு அதன் மேலேயே கவ்விக்கொள்ளும், படமும் பிரமாதம், விலைதான் கொஞ்சம் யோசிக்கவைக்கும். பழைய பதிப்புகளில் பெட்டியைத் தூக்கி நகர்த்தினால் கவ்வல் எழும்பிப் படம் போவதுண்டு, திறந்து நன்றாக அழுத்தினால் திரும்ப வரும்.

பெட்டியைத் திறக்கவே பயம் என்றால் வெளியே மாட்டுகிற ஜிபிஎஸ்-8200 வீடியோ கன்வெர்ட்டர் போர்டில் ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்கிற மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். மலிவு, துடிப்பும் அடங்கும், படம் ஒரு சுற்று மென்மை. அமிகாவின் பின்பக்கத்து 23 பின் வீடியோ கனெக்டருக்குப் பொருந்துகிற கேபிளைத் தேடுவதுதான் அதில் பாதி வேலை.