சிங்கப்பூர் டாக்சி: அம்மாவுக்காக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டவை

திங்கள், புதன், வெள்ளி அம்மாவுக்கு டயாலிசிஸ். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து டயாலிசிஸ் நிலையம் 6 கிலோமீட்டர்தான். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. ஆனால் 4 மணி நேரம் ஊசியோடு படுத்து எழுந்த உடம்புக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகத் தெம்பு கிடையாது. 2021 முதல் போக வர டாக்சிதான்.

நான் டாக்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் மீட்டர். தொடக்கக் கட்டணத்தில் முதல் கிலோமீட்டர் அடங்கிவிடும். பிறகு 10 கிலோமீட்டர் வரை 400 மீட்டருக்கு ஒருமுறை, அதற்கு மேல் 350 மீட்டருக்கு ஒருமுறை, சாலையில் நின்றுவிட்டால் 45 வினாடிக்கு ஒருமுறை சில காசு ஏறும். வேலை நாளில் காலை 6 முதல் 9:30 வரை 25 விழுக்காடு கூடுதல், நள்ளிரவு முதல் காலை 6 வரை 50 விழுக்காடு. சாலைக் கட்டணம் பிடிக்கும் இஆர்பி வளைவைத் தாண்டினால் அந்தக் காசும் நம் தலையில்தான். இவ்வளவு இருந்தாலும் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த கணக்கு. அதைப் பார்த்துத்தான் அம்மாவின் சிகிச்சை நேரத்தை 10:30க்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன். மாதம் 12 முறை போகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

கிராப் போன்ற கார் அழைக்கும் செயலியில் அப்படித் திட்டம் போட முடியவில்லை. மழை பிடித்தால் அதே தூரத்துக்கு விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டு முறை சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கார் நிற்காமல் போய், பயணம் ரத்து என்று வந்தது. அன்று அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்சி ஓட்ட 30 வயது நிரம்பிய குடிமகனாக இருக்கவேண்டும். எங்களுக்கு வாய்ப்பவர்கள் பெரும்பாலும் 60 தாண்டிய சீன அங்கிள்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. இருவரும் பழைய சந்தை மலாயில் பேசிக்கொள்வார்கள். ஒருவர் முன் இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, கதவின் மேல்விளிம்பில் தன் கையை வைத்து, அம்மா தலை இடிக்காமல் உட்காரவைத்தார். நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்து, பெல்ட் போட்டு, அம்மா "சுடா" (மலாயில் 'ஆயிற்று') என்ற பிறகுதான் மீட்டரைத் தட்டினார். அதுவரை ஆன 3, 4 நிமிடத்துக்கு அவருக்கு ஒரு காசும் இல்லை.

குறையும் உண்டு. இரவு 11:40க்கு நகரத்தில் கை நீட்டினால், கூடுதல் கட்டணம் தொடங்கும்வரை நிற்காமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர்கள் போகிற திசைக்கு நாமும் போனால்தான் ஏற்றுவார்கள். இது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

ஆனால் பெரிய கவலை, டாக்சியே குறைந்துகொண்டு வருவது. ஊபர் 2013-இல் வந்தது, 2018-இல் தொழிலை கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனது. இடையில் ஓட்டுநர்கள் பலர் தனியார் வாடகைக் காருக்கு மாறிவிட்டார்கள். 2014-இல் 28,000-க்கு மேல் ஓடிய டாக்சிகள் இன்று ஏறத்தாழ பாதிதான். டயாலிசிஸ் நிலையத்தின் டாக்சி ஸ்டாண்டில் முன்பு 5 நிமிடத்தில் காலி டாக்சியின் பச்சை விளக்கு தெரியும், இப்போது 20 நிமிடம்கூட ஆகிறது. அதனால் சிகிச்சை முடிய கால் மணி இருக்கும்போதே நான் இறங்கிப் போய் வரிசையில் நின்றுவிடுகிறேன். பணிப்பெண் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வருவார்.