மேற்கு ஜன்னலில் மூங்கில் தட்டி: மூன்று கோடைகள், மூன்று கயிறுகள்

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. ஐந்தடி அகல மூங்கில் சுருள் ஒரே வீச்சில் விரிந்து, அடிக்கட்டை ஜன்னல் கதவில் மோதிய சத்தத்தில் உள்ளே படுத்திருந்த அம்மா பதறி எழுந்துவிட்டார். மூன்றாவது முறை. அன்று இரவே சேலத்து நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "மேற்கு ஜன்னலுக்குத் தட்டி வாங்கலாமா, கண்ணாடியில் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாமா? இரண்டையும் பார்த்தவன் நீதானே?" கோபம் ஆறாத நேரத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூரில். தரைத்தளம், மேலே மாடி இருப்பதால் கூரை வழியாகச் சூடு இறங்குவதில்லை. தொல்லை முழுவதும் அம்மா படுக்கும் மேற்கு அறையின் ஜன்னலால்தான். மூன்றடி அகலம், நான்கடி உயரம், வெளிப்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவு. ஏசி போட்டால் அம்மாவுக்கு முழங்கால் வலி எடுத்துவிடும். ஆகவே வெயிலை ஜன்னலிலேயே நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டடி சன்ஷேடு இருக்கிறதே என்று நாங்களும் நம்பிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு மே மாதம் பென்சிலால் நிழலைக் குறித்துப் பார்த்தேன். மாலை 4 மணிக்கு அந்தச் சன்ஷேடு ஜன்னலின் மேல் ஒன்றேகால் அடியை மட்டுமே மறைக்கிறது. 5 மணிக்கு முக்கால் அடிகூட இல்லை. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது குடை பிடிக்கிற சன்ஷேடு, அது சாய்ந்து நேருக்கு நேர் முகத்தில் அடிக்கும்போது கைவிட்டுவிடுகிறது. மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு போதும் என்று சொல்லும் கொத்தனாரை நம்பாதீர்கள்.

முதலில் ஒட்டியது சன் கன்ட்ரோல் ஃபிலிம்தான், 2021 ஏப்ரலில். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டதே என்று நண்பர் கேட்டார். அது வாகனக் கண்ணாடிகளுக்கு, வீட்டு ஜன்னலுக்கு இல்லை. எங்கள் வீட்டில் ஒட்டியது கண்ணாடியின் உட்புறத்தில், புகை நிறத்தில். கண் கூசுவது உடனே நின்றது. முதல் கோடையில் சூடும் குறைந்தாற்போல்தான் இருந்தது. ஆனால் மாலையில் கண்ணாடியில் கை வைத்தால் இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. கரிய ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்புவதைவிடக் குடித்துக்கொள்வதுதான் அதிகம். குடித்த சூட்டில் ஒரு பங்கை அது அறைக்குள்ளேயே உமிழும். உள்ளே கனத்த திரை போட்டால் தீரும் என்று அதையும் போட்டோம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், ஆனால் சூடேறிய துணியிலிருந்து கிளம்பும் அனலை வெளியே விடாது. திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கையை நுழைத்தால் அடுப்பு வாயில் நுழைத்ததுபோல் இருந்தது. இரண்டாம் ஆண்டு ஃபிலிமில் கொப்புளம் கிளம்பியது, நிறம் ஊதாவாகத் திரிந்தது. பிறகு ஒருநாள் கண்ணாடியிலேயே விரிசல் விழுந்தது. விளிம்பிலிருந்து நேர்க்கோடாகக் கிளம்பிய விரிசல், நிழலும் வெயிலும் பிரியும் இடம் வரை வந்திருந்தது. மேற்பகுதி நிழலில் ஆறியும் கீழ்ப்பகுதி வெயிலில் கொதித்தும் கிடந்தால் கண்ணாடி இப்படித்தான் பிளக்கும். ஒட்டிய கடைக்காரர், யாரோ கல் எறிந்திருப்பார்கள் என்றார். கல் பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை.

2023 மார்ச்சில் தட்டிக்கு மாறினோம். வெயிலைக் கண்ணாடியைத் தொடவே விடக்கூடாது என்பது அதற்குள் உறைத்துவிட்டது. ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதால் தட்டியைச் சுவரோடு ஒட்டி மாட்ட முடியாது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, சன்ஷேடின் வெளி விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டார். அந்த யோசனைக்கு அவருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். கதவுகள் தட்டிக்குப் பின்னால் முழுதாகத் திறந்துகொள்கின்றன. தட்டியின் சூடு இடைவெளிக் காற்றிலேயே கலைந்துபோகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தபடியே வெயிலை மறைக்கலாம். ஃபிலிமால் இது ஒருநாளும் ஆகாது.

முதலில் ஜன்னல் அளவுக்கே மூன்றடித் தட்டி வாங்கி ஏமாந்தோம். வேலூரில் ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேராக வந்துவிட்டு, அதன் பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மாலை வெயில் நேர் மேற்கிலிருந்து வருவதில்லை, வடமேற்கு ஓரத்திலிருந்து சாய்வாக வருகிறது. தட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி இருந்ததால் வலப்பக்க ஓரமாக அரையடி அகலத்துக்கு ஒரு வெயில் பட்டை நுழைந்து, சரியாக அம்மாவின் தலையணையில் விழுந்தது. பிறகு சதுர அடி 90 ரூபாய்க்கு ஐந்துக்கு ஐந்து செய்யச் சொன்னோம், 2,250 ரூபாய். இருபுறமும் ஓரடி கூடுதல் இல்லாமல் யாரும் வாங்காதீர்கள். இதே காரணத்தால் வடக்குப் பார்த்த எங்கள் சமையலறை ஜன்னலிலும் மே, ஜூன் மாதங்களில் காலையும் மாலையும் வெயில் விழுகிறது.

பலன் என்ன? அறையில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. வெளியே 41 டிகிரி அடித்த நாட்களில், மாலை ஐந்து மணிக்கு, ஃபிலிம் இருந்த காலத்தில் அறைக்குள் 37 காட்டும். தட்டி வந்த பிறகு அதே நேரத்தில் 34, சில நாள் 34.5. கண்ணாடியில் கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வெளிச்சமும் போகவில்லை. மெல்லிய கீற்றுகளாக உள்ளே வரும் அந்த வெளிச்சத்தில் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நாளிதழ் படிக்கிறார்.

அம்மா கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் மூன்று மணி வாக்கில் குவளையில் தண்ணீர் எடுத்துத் தட்டியின் மேல் வீசச் சொல்வார். அவருடைய பிறந்த வீட்டில் வெட்டிவேர்த் தட்டி கட்டி இப்படி நனைப்பார்களாம். எங்கள் ஊர்க் காற்று வறண்டது. ஈரம் சீக்கிரம் ஆவியாகி, சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். காற்று தட்டியைத் துளைத்து உள்ளே வரும்போது நனைந்த மூங்கிலின் வாசனை அறை முழுக்கப் பரவும். மழைக்கு முந்தைய மண்வாசனைக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த வாசனை அது. அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் அலுவலகத்திலிருந்து மதியம் வீட்டுக்கு வந்துவிடும் நாட்கள் உண்டு. கடற்கரை ஊர்களில் இது எடுபடாது. அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. நனைத்தால் புழுக்கம்தான் மிஞ்சும்.

சுவரை மட்டும் தட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மாலையில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது. அது தட்டியின் குற்றம் இல்லை.

குற்றம் கயிற்றில் இருக்கிறது. தட்டியோடு கொடுத்தது மெல்லிய பிளாஸ்டிக் பின்னல் கயிறு. ஒரு கோடை முழுக்க வெயிலில் காய்ந்து, 2024 பிப்ரவரியில் அறுந்தது. நானே பருத்திக் கயிறு வாங்கிக் கோத்தேன். வடகிழக்குப் பருவமழையில் ஊறி, கறுத்து, டிசம்பரில் இற்றுப்போனது. இந்த ஜனவரியில் கடைக்காரரே வந்து, "இது கெட்டியான சரக்கு, சார்" என்று வேறொரு பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டிவிட்டு 350 ரூபாய் வாங்கிப் போனார். அதுதான் கத்திரி முடிவதற்குள் செவ்வாய்க்கிழமை போனது.

கடைக்குப் போய்க் கேட்டால், நீங்கள் தண்ணீர் ஊற்றுவதால்தான் போகிறது என்கிறார். அறுந்த நுனியை எடுத்துப் போய் மேசையில் வைத்துக் காட்டினேன். கயிறு அறுந்தது மேலே, கப்பிக்குப் பக்கத்தில். தண்ணீர் அங்கே ஏறவே ஏறாது. வெயில்தான் அங்கே நாள் தவறாமல் விழுகிறது. நுனியை இரண்டு விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிர்கிறது. அதே கயிற்றின் கீழ் முனை, நிழலில் சுவரோரம் முடிச்சுப் போட்டுக் கிடந்த பகுதி, இழுத்தாலும் அறுக்க முடியாத அளவுக்கு உறுதியாக இருக்கிறது. "வெயிலில் போட்டால் கயிறு போகத்தான் செய்யும், சார்" என்றார். வெயிலில் மாட்டுவதற்கென்றே விற்கும் பொருளுக்கு வெயில் தாங்காத கயிற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? மூங்கிலைச் சீவி, நூலில் கோத்து, ஓரம் தைத்த கைகளின் உழைப்பு மூன்றாவது கோடையிலும் ஒரு குச்சி நெகிழாமல் இருக்கிறது. அந்த உழைப்பை நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் கெடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் இதில்தான்.

சென்னையிலிருந்து வந்த மைத்துனர் காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு விற்கும் பச்சைக் கயிறு பத்து மீட்டர் வாங்கி வந்திருக்கிறார். வெயிலிலும் உப்புநீரிலும் கிடக்கிற கயிறு. ஆனால் தட்டியில் இருக்கும் சின்னக் கப்பியின் பள்ளத்தில் அது நுழையவில்லை, சிக்கிக்கொள்கிறது. பெரிய பித்தளைக் கப்பி இரண்டு வாங்கியாக வேண்டும்.

நண்பரிடம் அன்று இரவு சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: தட்டி வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்பாடாகத் தெரியலாம். அவருடைய ஜன்னல் முதல் மாடியில், தெருவைப் பார்த்து இருக்கிறது. அதற்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கடைக்காரர் கட்டிக் கொடுக்கும் கயிற்றை நம்பி அங்கே மூங்கில் சுருளைத் தொங்கவிட என்னால் சம்மதிக்க முடியாது. கயிற்றையும் கப்பியையும் தானே வாங்கி, தானே நின்று மாட்டிக்கொள்ளும் பொறுமை அவருக்கு இருந்தால் அது வேறு பேச்சு.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார். அதுவரை தட்டியை இரண்டு ஓரத்திலும் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன், ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. மூன்று மணி ஆகிறது. அம்மா குவளையோடு கூப்பிடுகிறார்.